மார்த்தாண்டத்தில் ஆறு ஞாயிறு: ஏஐ வகுப்பு எப்படி இருந்தது?

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்களுக்கு ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற கடை. அப்பா தொடங்கிய கடை. 31 வருஷமாக ஷீட்டுக்குத் தரம் போடுவது நான்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்த வகுப்பு எனக்குப் பிடித்துப்போனதே ஒரு ரப்பர் ஷீட்டால்தான்.

போன மழைக்காலத்தில் எங்களுக்கு வழக்கமாக ஷீட் கொண்டுவருகிற ஒரு தம்பி, "மாமி, இனி தரம் பாக்க ஏஐ மிஷின் வருமாம், உங்களுக்க வேலை போச்சு" என்றான். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏஐ என்றால் என்ன என்று வீட்டில் எல்லாரிடமும் கேட்டேன். மகன் சொன்னது புரியவில்லை, மருமகள் காட்டிய வீடியோவும் புரியவில்லை. பிறகு மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன்: "கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு ஏஐ. ஆறு ஞாயிறு. கட்டணம் 1,500 ரூபாய்." அன்றே பணம் கட்டிவிட்டேன்.

மேம்பாலத்தை ஒட்டிய தெருவில் ஒரு கணினி மையத்தின் இரண்டாவது மாடி. காலை பத்து முதல் ஒரு மணி வரை. மொத்தம் பன்னிரண்டு நாற்காலிதான், அடுத்த அணிக்கும் ஆள் நிரம்பிவிட்டது, அதனால் மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு வகுப்பு வந்தால் எதைப் பார்த்துச் சேரலாம், எதைக் கண்டால் விலகலாம் என்று தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டீச்சருக்கு முப்பது வயது இருக்கும், கருங்கல்காரி. முதல் நாள் போர்டில் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று கேட்டாள். குளச்சலில் இருந்து வள்ளத்தொழில் செய்த ஒரு அண்ணன், தோவாளை பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கிற தம்பி, ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா என்று பல மாதிரி ஆட்கள். என் முறை வந்தது.

"மாமி, ஷீட்டுக்குத் தரம் போடுத ரூல்ஸ் சொல்லுங்க, நான் எழுதுதேன்" என்றாள்.

நான் சொன்னேன். ஈரம் இருக்கக்கூடாது, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவ வேண்டும், வெள்ளைத் திட்டு தெரிந்தால் உள்ளே காயவில்லை, குமிழ் கூடாது, பட்டைத்தூள் கூடாது, பூசணம் கூடாது.

"குமிழ் எத்தனை இருந்தா நாலாம் தரம், எத்தனை இருந்தா அஞ்சு?"

"அப்படி எண்ணமாட்டேன் மக்களே. பாத்தா தெரியும்."

சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "மாமி சொன்ன 'பாத்தா தெரியும்' இருக்குல்லா, இந்த ஆறு வாரமும் நாம படிக்கப்போறது அதுதான்."

பிறகுதான் வரலாறு. கணினிக்கு ஒவ்வொன்றுக்கும் விதி எழுதிக்கொடுத்துவிட்டால் அது மனிதரைப்போல வேலை செய்துவிடும் என்று பலர் பல காலம் முயன்றார்கள். சதுரங்கம் மாதிரி விதி தெளிவாக உள்ள இடத்தில் அது எடுபட்டது. 1997-ல் டீப் புளூ என்ற கணினி உலக சதுரங்க சாம்பியன் கேரி காஸ்பரோவையே வென்றது. ஆனால் பூனை எது, நாய் எது என்று சொல்ல விதி எழுத முடியவில்லை, ஏனென்றால் நமக்கே அந்த விதி தெரியாது. பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். அதனால் விதியை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கில் உதாரணங்களைக் காட்டி, நீயே கண்டுபிடி என்று விட்டார்கள். இயந்திரக் கற்றல் என்பது இதுதான். அப்பா என்னை மூன்று வருஷம் ஷீட் அடுக்கவிட்டு, எடுத்ததைத் திருத்தித் திருத்திப் பழக்கியதும் இதே முறைதானே என்று எனக்குப் பட்டது.

ஏஐ, அதாவது 'செயற்கை நுண்ணறிவு' என்ற பேர் எப்போது வந்தது என்று வாத்தியார் கேட்டார். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் 1956 கோடையில் ஒரு கூட்டம் நடந்தது, அதற்கு முந்தின வருஷம் ஜான் மெக்கார்த்தி என்ற ஆய்வாளரும் இன்னும் மூன்று பேரும் எழுதிய விண்ணப்பத்தில்தான் அந்தப் பேர் வந்தது என்றாள் டீச்சர். வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். "1956 நவம்பர் 1-லதானே நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தது!" இனி அந்த வருஷம் எனக்கு மறக்காது.

இரண்டாவது ஞாயிறு நான் பஸ்ஸில் ஒரு சாக்கு நிறைய ஷீட் கொண்டுபோனேன். நாலாம் தரம் இருபது, அதற்குக் கீழே போகிறது இருபது, இன்னும் தனியாக ஒரு இருபது. ஷீட் உலர்த்துகிற புகைப்புரை வாசனை பஸ் முழுக்க. டீச்சர் லேப்டாப்பில் டீச்சபிள் மெஷின் என்று ஒன்றைத் திறந்தாள். கூகுள் இலவசமாக விட்டிருக்கிற தளம், கேமரா இருந்தால் போதும், ஒரு வரிகூட புரோகிராம் எழுத வேண்டாம். இரண்டு பெட்டி. ஒன்றுக்கு 'நாலு' என்று பேர், மற்றதற்கு 'கீழ்'. பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் படமாக எடுத்துக்கொள்ளும். நல்ல ஷீட்டை நான் காட்டினேன், கீழ்த்தரத்தை வாத்தியார் மேசையில் விரித்துக் காட்டினார். ஒவ்வொரு பெட்டியிலும் நூறு படத்துக்குமேல். பயிற்சி கொடு என்று அழுத்தியதும் ஒரு நிமிஷத்துக்குள் தயார்.

நான் ஒரு ஷீட்டைத் தூக்கினேன். 'நாலு', 98 சதவீதம். சரி. இன்னொன்று, சரி. வாத்தியார் காட்டியது, 'கீழ்'. அதுவும் சரி. எல்லாரும் கைதட்டினார்கள். என் நெஞ்சு அடைத்துப்போயிற்று. 31 வருஷத்தை ஒரு நிமிஷத்தில் படித்துவிட்டதே!

அப்போது வாத்தியார் கையில் இருந்த ஒரு ஷீட்டில் திட்டு தெரிகிறதா என்று பார்க்க, பழக்கத்தில் அதை வாங்கி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சுத்த மோசமான ஷீட், ஓரத்தில் பூசணம் வேறு. லேப்டாப் 'நாலு' என்றது. 97 சதவீதம். நல்ல ஷீட்டை மேசையில் விரித்தேன். 'கீழ்' என்றது.

எனக்கு உடனே புரிந்தது. நல்ல ஷீட்டை எல்லாம் நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியிருக்கிறேன், தரம் போடுகிறவர்கள் கை அப்படித்தான் போகும். வாத்தியார் எல்லாவற்றையும் மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறார். அது ரப்பரைப் படிக்கவே இல்லை, ஜன்னலைப் படித்திருக்கிறது. டீச்சர் ஷீட்டே இல்லாமல் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பினாள். 'நாலு'.

"இது நடக்கணும்னுதான் நான் ஒண்ணும் சொல்லாம இருந்தேன்" என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கே 1,500 ரூபாய் தகும்.

மறுபடி எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு, ஒரே இடம், ஒரே வெளிச்சம், ஒரே ஆள் என்று எடுத்தோம். இப்போது சோதிக்க அவள் தனியாக வைத்திருந்த மூன்றாவது இருபதை எடுத்தாள். கேள்வித்தாளை முன்னாடியே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் மார்க்குக்கு அர்த்தம் உண்டா? அதனால் பயிற்சியில் காட்டாததைக் கொண்டுதான் சோதிக்க வேண்டும். இருபதில் பதினாறு சரி. தப்பிய நாலில் மூன்று ஈரத்திட்டு உள்ள ஷீட். மேசையில் வைத்தால் ஈரம் மேலே தெரியாது, வெளிச்சத்துக்குப் பிடித்தால்தான் தெரியும். கேமராவுக்கு நாம் காட்டாததை அது எப்படிப் பார்க்கும்?

அன்று டீச்சர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் எழுதவேண்டும். பெய்-பெய் லீ என்ற பெண் ஆய்வாளரும் அவர் குழுவும் 1 கோடியே 40 லட்சம் படங்களுக்குப் பேர் போட்டு 'இமேஜ்நெட்' என்ற தொகுப்பை உண்டாக்கினார்கள். அந்தப் பேர்களைப் போட்டது இணையம் வழியே கூலிக்கு வேலை செய்த மனிதர்கள். 2012-ல் அந்தத் தொகுப்பை வைத்து நடந்த போட்டியில்தான் இந்தக் கற்கும் முறை பெரிய அளவில் ஜெயித்து, உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. எங்கள் மேசையிலும் அதுதான் நடந்தது. எது நாலு, எது கீழ் என்று பிரித்துச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனது நான். அந்தத் தம்பி சொன்ன மிஷின் வந்தாலும், அதற்கும் யாரோ ஒருவர் ஷீட்டைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். வேலை குறையுமா என்று நேராகவே கேட்டேன். "பெரிய கம்பெனில கொறயும் மாமி. இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்லாதது எனக்குப் பிடித்தது.

மூன்றாவது வாரம் சரியில்லை. நரம்பு வலை பற்றிய பாடம். போர்டு முழுக்க வட்டம், வட்டத்துக்கு வட்டம் அம்பு. ஒருவருக்கும் விளங்கவில்லை, அவளும் அவசரத்தில் இருந்தாள். கொடுத்த அச்சுக் குறிப்பு அதைவிட மோசம். "மறைந்த அடுக்குகள் அம்சங்களைப் பிரித்தெடுக்கின்றன" என்று இருக்கிறது. எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? ஆங்கிலத்தில் இருந்ததை யாரோ அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள். தமிழ் வாத்தியாரே இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். இந்த மையம் அடுத்த அணிக்கு முன்னால் அந்தக் குறிப்பை முழுசாக மாற்றியே ஆகவேண்டும்.

அதை நான் விளங்கிக்கொண்டது வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில்தான். ஈரம், குமிழ், பட்டைத்தூள், நிறம் என்று ஒவ்வொரு குறிக்கும் என் மனதில் ஒரு எடை இருக்கிறது. ஈரத்துக்குக் கூடுதல், பட்டைத்தூளுக்குக் கொஞ்சம். எல்லா எடையும் கூடி ஒரு அளவைத் தாண்டினால் கீழே தள்ளுவேன். கோட்டயத்துக்குப் போன லோடு திரும்பி வந்தால், எதில் ஏமாந்தேன் என்று பார்த்து அந்தக் குறிக்கு எடையைக் கூட்டிக்கொள்வேன். அடுத்த லோடில் அந்தப் பிழை குறையும். நரம்பு வலை செய்வதும் இதுதான். விடை தப்பினால் பின்னாலிருந்து ஒவ்வொரு எடையாகக் கொஞ்சம் கொஞ்சம் திருத்தும், லட்சக்கணக்கான தடவை. 1958-ல் பிராங்க் ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் செய்த பெர்செப்ட்ரான் என்ற பழைய வலை இந்த மாதிரி எடைகளின் ஒரே அடுக்கு. இன்றைக்கு அடுக்குமேல் அடுக்கு, எடைகளே கோடிக்கணக்கில். அடுத்த வாரம் டீச்சரிடம் இதைச் சொன்னேன். அடுத்த அணிக்கு வட்டத்தை விட்டுவிட்டு லோடு கதையைச் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

நாலாவது வாரம் பேசுகிற ஏஐ. அவள் "கிழங்கும்" என்று நிறுத்தினாள், நாங்கள் எல்லாரும் "மீனும்" என்றோம். "ஆடிக்காத்துல", "அம்மியும் பறக்கும்". அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று ஊகிப்பதுதான் அடிப்படை. மலைமலையாக எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று எடை போட்டு வைத்திருக்கிறது. பக்கத்துச் சொல்லை மட்டும் பார்க்காமல், எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கவனம் என்று முன்னால் சொன்னது முழுவதையும் சேர்த்துப் பார்க்கிற அமைப்பு 2017-ல் வந்தது. டிரான்ஸ்பார்மர் என்று பேர். கரண்ட் டிரான்ஸ்பார்மருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தமிழ் ஏன் சில நேரம் கோணலாக வருகிறது என்று பூக்கடைத் தம்பி கேட்டான். அது சொல்லை முழுசாக எடுக்காமல் துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்கும், படித்ததில் ஆங்கிலம்தான் மிகுதி, அதனால் ஆங்கிலச் சொல்லைப் பெரும்பாலும் முழுசாகவும் தமிழ்ச்சொல்லைப் பல துண்டாகவும் வெட்டும் என்றாள். நமக்கு ஒரே எழுத்தான 'கோ' கணினிக்குள் 'க' தனி, அதன் குறி தனி என்று இரண்டாக இருக்கிறது என்று போர்டில் பிரித்துக் காட்டினாள். நாகர்கோவில் என்று எழுதி அது எத்தனை துண்டாகிறது என்று பார்த்ததும், நம் மொழியில் இன்னும் எவ்வளவோ எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றிற்று.

சாட்ஜிபிடி பொதுமக்களுக்கு வந்தது 2022 நவம்பர் 30 என்று சொன்னபோது குளச்சல் அண்ணன் தலையை நிமிர்த்தினார். "எங்களுக்கு நவம்பர் 30-ன்னா ஒக்கிதான் டீச்சரே." 2017-ல் ஒக்கிப் புயல் அடித்தது அந்த நாள்தான். அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: "இது அன்னைக்கு இருந்திருந்தா முன்கூட்டிச் சொல்லியிருக்குமா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். பேசுகிற ஏஐ சொல்லியிருக்காது, அது வானிலை பார்க்கிற கருவி அல்ல. ஆனால் ஏறக்குறைய நாற்பது வருஷத்து வானிலைப் பதிவைப் படித்து, பத்து நாளைக்கான கணிப்பை ஒரு நிமிஷத்துக்குள் தருகிற 'கிராப்காஸ்ட்' மாதிரியானவை 2023-ல் வந்திருக்கின்றன. கணிப்பு வந்தாலும், கரையில் இருந்து வெகுதூரம் போய்த் தங்கித் தொழில் செய்கிற தூத்தூர் வள்ளங்களுக்கு அது போய்ச் சேரவேண்டும், அங்கே செல்போன் டவர் எட்டாது. "அது ஏஐ வேலை இல்ல அண்ணே, நாம செய்யவேண்டிய வேலை" என்றாள். அண்ணன் தலையசைத்தார். எதற்கும் ஏஐ பதில் என்று சொல்லாத ஒரு டீச்சரிடம் படித்தேன் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு எழுதுகிறேன்.

ஐந்தாவது வாரம் வாத்தியாருடையது. போனில் இருந்த ஒரு செயலியில், "திருக்குறள் 1331 என்ன?" என்று அடித்தார். 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து, மொத்தம் 1330. கன்னியாகுமரிக் கடலில் நிற்கிற சிலையே அதிகாரக் கணக்கில் 133 அடி. அது தயங்கவே இல்லை. இரண்டு வரியில் ஒரு குறளும் கீழே பொருளும் வந்தது. வாத்தியார் முதல் அடியை விரலில் எண்ணினார், ஐந்து சீர். "நாலுதான் வரணும்" என்று சொல்லிவிட்டு, "ஊடுதல் காமத்திற்கு இன்பம்" என்று உண்மையான கடைசிக் குறளை மனப்பாடமாகச் சொன்னார். பொருத்தமான சொல்லைக் கோப்பதுதான் அதற்குப் பயிற்சி, தெரியாது என்று சொல்வது அதற்குத் தானாக வராது என்று டீச்சர் விளக்கினாள். எந்தச் செயலியானாலும், நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை முதலில் கேட்டுப் பார்க்கவேண்டும் என்பது அன்று எல்லாரும் நோட்டில் எழுதியது. நர்ஸ் அக்கா மட்டும் இன்னொன்றும் எழுதினார்: மருந்து அளவை அதனிடம் கேட்கவே கூடாது.

ஆறாவது வாரம் பாதி நன்று, பாதி மோசம். நல்ல பாதி, குரல் மோசடி பற்றியது. சில நொடிக் குரல் கிடைத்தால் போதும், அதே குரலில் பேச வைக்கலாம் என்று தன் குரலையே போட்டுக் காட்டினாள். என் தங்கை மகன் வளைகுடாவில் இருக்கிறான். அவன் குரலில் யாராவது பணம் கேட்டால் தங்கை அந்த நிமிஷமே அனுப்பிவிடுவாள். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய், குடும்பத்துக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல் வைத்துவிட்டு வந்தேன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடவேண்டும் என்பதைக் காலண்டரில் பெரிசாக எழுதி வைத்திருக்கிறோம்.

மோசமான பாதி, கடைசி ஒரு மணி நேரம். டீச்சரை ஓரமாக நிற்கவைத்துவிட்டு மையத்தின் ஆள் ஒருவர் வந்து, 18,000 ரூபாய்க்கு அடுத்த கோர்ஸ், வீட்டில் இருந்தே சம்பாதிக்கலாம், இன்றே சேர்ந்தால் 3,000 ரூபாய் குறைவு என்று பேசினார். ஏஐ-க்குக் கேள்வி எழுதப் படித்தால் வேலை உறுதி என்றார். பூக்கடைத் தம்பி 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டான். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அவன் தன் சந்தையின் விலையை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவன். முகூர்த்த நாளும் ஓணமும் பிச்சிப்பூ விலையை எப்படித் தூக்கும் என்று வகுப்பில் வரைந்து காட்டியவன். அவனுக்கு அந்த நோட்டை வைத்தே சொல்லிக்கொடுக்க இன்னும் இரண்டு ஞாயிறு போதும். ஆசையைக் காட்டிப் பணம் வாங்குவதை இந்த மையம் நிறுத்தவேண்டும். அடுத்த நாள் போன் செய்து இதையே நேராகச் சொன்னேன். முன்பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். தந்துவிட்டார்கள் என்று தம்பி போன வாரம் சொன்னான்.

சின்னக் குறைகள்: இரண்டு மாடி ஏற லிப்ட் இல்லை, குளச்சல் அண்ணனுக்கு முட்டுவலி, ஒவ்வொரு வாரமும் பாதிப்படியில் நின்று நின்றுதான் வந்தார். கீழ்த்தளத்தில் ஒரு அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது. லேப்டாப் நாலு பேருக்கு ஒன்று. இடைவேளைச் சாயாவும் பழம்பொரியும் அருமை, கட்டணத்திலேயே அடங்கும்.

சேர நினைக்கிறவர்கள் முதல் வகுப்பில் டீச்சர் உங்கள் தொழிலைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்கவில்லை, நேராகப் படம் போட்டு ஓட்டத் தொடங்கிவிட்டார் என்றால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தப்புப் போகிற இயந்திரத்தைக் காட்டுகிறாரா என்றும் பாருங்கள். ஜன்னலை நாலாம் தரம் என்று சொன்ன அந்த லேப்டாப்பைப் பார்க்காமல் இருந்திருந்தால், இன்றைக்கும் எனக்குப் பயம்தான் மிஞ்சியிருக்கும்.

ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். அரை மதிப்பெண் அந்த அச்சுக் குறிப்புக்காகவும், அரை கடைசி மணி நேரத்துக்காகவும் குறைத்தது. டீச்சருக்குத் தனியாகக் கொடுக்கலாம் என்றால் ஐந்தும் அவளுக்கே.

வருகிற ஞாயிறு மறுபடி போகிறேன், மாணவியாக இல்லை. மழைக்கால ஷீட்டும் வெயில்கால ஷீட்டும் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தே படம் எடுக்கலாம், ஈரத்திட்டு பிடிபடுகிறதா பார்ப்போம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாள். கீழ்த்தளத்து அறைச்சாவியும் வாங்கி வைத்திருக்கிறாளாம்.